நடப்பவர் இருக்கும் வரைதான் பாதை: சந்நிதி–கதிர்காமம் நெடுநடையும் கண்டாவளை மண்ணும்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே பிரிந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமானது. இதன் முதற்பகுதி கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவினூடாகச் செல்கிறது. முரசுமோட்டை, தர்மபுரம் என்று தொடர்ந்து பின்னர் விசுவமடுவுக்குள் நுழைகிறது. 2009ஆம் ஆண்டு தை மாதத்தில் இந்த வீதியில் நடந்தவர்களுக்கு அதன் ஒவ்வொரு வளைவும் நினைவிருக்கும். உழவு இயந்திரங்களிலும் துவிச்சக்கர வண்டிகளிலும் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு, ஏற்ற முடியாததை விட்டுவிட்டு, ஒரு திசையில் மட்டுமே நடந்த வீதி இது.

இதே வீதியில் ஒவ்வொரு வைகாசியை அண்டியும் வேறொரு நடை வருகிறது. காவி உடுத்து, தோளில் துணிப்பை தொங்க, கையில் வேல் ஏந்தியவரைப் பின்தொடர்ந்து ஒரு கூட்டம் நடந்து போகிறது. அவர்கள் யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்திலிருந்து கதிர்காமம் வரை செல்பவர்கள். இலங்கையின் மிக நீண்ட கால்நடை யாத்திரை இதுவே.

உலகின் பல நாடுகளில் நெடுந்தூர நடைபாதைகளைப் பராமரிப்பதற்கென்றே அமைப்புகள், சட்டங்கள், தொண்டர் படைகள் உள்ளன. எங்களுடைய பாதையோ அவற்றில் பலவற்றை விட மூத்தது. ஆனால் அதைப் பராமரிப்பவர் யார், அதன் வழியை வரைந்து வைத்திருப்பவர் யார், நாளை அது அடைபட்டால் கேட்பவர் யார் என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை இல்லை. நெடுநடைப் பாதை ஒன்று எப்படி நடத்தப்படுகிறது, கண்டாவளை போன்ற ஒரு பிரதேசம் அதில் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பாதையின் போக்கு

யாத்திரை பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்கும். கதிர்காமத்தின் ஆடிவேல் விழாக் கொடியேற்றத்துக்கு முன் போய்ச் சேரவேண்டும் என்பதே கணக்கு. ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, மொனராகலை என்று வடக்கையும் கிழக்கையும் ஊடறுத்துத் தெற்கில் முடிகிறது.

வன்னிக்குள் வரும்போது வழியில் முக்கியமான தலங்கள் இரண்டு. ஒன்று கண்டாவளைப் பிரிவிலுள்ள புளியம்பொக்கணை நாகதம்பிரான் ஆலயம். மற்றது முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரத்திலுள்ள வற்றாப்பளை கண்ணகி அம்மன் ஆலயம். வற்றாப்பளையின் வைகாசி விசாகப் பொங்கலும் யாத்திரையின் காலமும் ஏறக்குறைய ஒட்டி வருவதால், பொங்கலைத் தரிசித்து நடையைத் தொடர்வது பலருடைய வழக்கம். அதன் பின் கொக்கிளாய், திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கரையோரமாகச் சென்று உகந்தை முருகன் ஆலயத்தை அடைகிறார்கள். உகந்தையிலிருந்து குமண, யால வனங்களின் ஊடாகக் காட்டுவழி. அந்தக் காட்டுவழி ஒவ்வோர் ஆண்டும் குறித்த சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும். திறக்கும் நாளும் மூடும் நாளும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த நாட்களைப் பிந்தினால் முழு நடையும் வீண்.

1983இன் பின்னர் வடக்கிலிருந்து இந்த நடை தடைப்பட்டது. கிழக்கிலிருந்து நடப்பதை மீண்டும் ஒழுங்குபடுத்த 1988 முதல் கதிர்காம பக்தர் அறக்கட்டளை முயன்றது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே சந்நிதியிலிருந்து முழு வழியும் நடக்க முடிந்தது. இடையில் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. எந்த ஊரில் எந்த மரத்தடியில் தங்குவது, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்த வாய்க்கால் ஓரத்தால் குறுக்கே போகலாம் என்று அறிந்திருந்த பெரியவர்களில் பலர் இன்று இல்லை. இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய ஊர்களில் அந்த அறிவைச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

தெருத் தருமம் என்ற பழைய ஏற்பாடு

நெடுந்தூரம் நடப்பவருக்கு வசதி செய்து கொடுப்பது தமிழருக்குப் புதிதல்ல. மோட்டார் வாகனங்கள் வருவதற்கு முன், தெருவோரத்தில் சில அமைப்புகள் தருமமாகக் கட்டப்பட்டன. வழிப்போக்கர் இரவு தங்க மடம். குளிக்கவும் குடிக்கவும் கேணியும் கிணறும். தலைச்சுமையை இன்னொருவர் உதவியின்றி இறக்கி ஏற்ற, ஆள் உயரத்தில் கிடைக்கல் வைத்த சுமைதாங்கி. கால்நடைகள் உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். கோடையில் மோரும் பானக்கமும் கொடுக்கத் தண்ணீர்ப் பந்தல்.

பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் இதற்கு இன்றும் கண்முன் நிற்கும் சான்று. தெருவுக்கு மேலே கூரையும் இருபக்கமும் திண்ணையுமாக, வழியே மடமாக அமைந்தது அது. சுமைதாங்கிகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்க முடியாமற் போன சுமையை யாரோ ஒருவராவது இறக்கி ஆறட்டும் என்று குடும்பத்தார் அதை நிறுத்துவார்கள். இறந்தவரின் நினைவும் நடப்பவரின் ஆறுதலும் ஒரே கல்லில் அமைந்த ஏற்பாடு.

இந்த அமைப்பில் ஒரு நிர்வாகத் தத்துவம் இருந்தது. முழுப் பாதைக்கும் ஒரே உரிமையாளர் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அந்த ஊரவரே பொறுப்பு. இன்று உலகின் பெரிய நடைபாதைகள் நடத்தப்படுவதும் இதே முறையில்தான்.

பெருநகரங்களின் அருகே நடப்பது எப்படி?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளமானது. 14 மாநிலங்களைக் கடக்கிறது. 1921இல் பென்டன் மக்காய் என்பவர் இந்த யோசனையை முன்வைத்தார். அதற்கு முந்திய ஆண்டில், 1920இல், நியூயோர்க் நகரை அண்டிய நடைக் கழகங்கள் ஒன்றுகூடி நியூயோர்க் – நியூஜேர்சி நடைபாதை மாநாடு என்ற அமைப்பை உருவாக்கியிருந்தன. அவர்களே அப்பலாச்சியன் பாதையின் முதற் துண்டை நியூயோர்க்குக்கு வடக்கேயுள்ள பெயர் மலைப் பகுதியில் வெட்டி, 1923 ஒக்டோபரில் திறந்தார்கள். முழுப் பாதையும் 1937இல்தான் நிறைவடைந்தது. சட்டப் பாதுகாப்பு அதன் பிறகு 1968இலேயே கிடைத்தது. நடை முதலில் வந்தது, சட்டம் பின்னால் வந்தது.

இன்று அந்தப் பாதையை ஏறத்தாழ 30 தொண்டர் கழகங்கள் துண்டு துண்டாகப் பங்கிட்டுப் பராமரிக்கின்றன. ஒரு கழகத்துக்குள்ளும் ஒருவருக்கு அல்லது ஒரு குடும்பத்துக்குச் சில கிலோமீற்றர் என்று ஒப்படைக்கப்படும். அவர்கள் ஆண்டில் சில தடவை சென்று விழுந்த மரத்தை அகற்றுவார்கள், மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டுவார்கள், மங்கிய குறிகளுக்கு மீண்டும் வர்ணம் பூசுவார்கள். குறி என்பது மரத்தில் பூசிய 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டிகள் இருந்தால் ‘கவனம், பாதை திரும்புகிறது’ என்று பொருள். மொழி தெரியாதவருக்கும் விளங்கும். நியூயோர்க் நகரிலிருந்து புகையிரதத்தில் வந்து இறங்கி நேராகப் பாதையில் ஏறும் வகையில், வார இறுதிகளில் மட்டும் வண்டி நிற்கும் சிறிய தரிப்பிடமும் உண்டு.

ஹொங்கொங்கில் வேறு முறை. அங்குள்ள மக்லிஹோஸ் நடைபாதை 1979இல் திறக்கப்பட்டது. 100 கிலோமீற்றர் நீளம், 10 பகுதிகள். வானுயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகரின் பின்புறத்திலேயே அந்த மலைப்பாதை செல்கிறது. அரசாங்கத் திணைக்களம் ஒன்று அதைப் பராமரிக்கிறது. ஒவ்வொரு 500 மீற்றருக்கும் இலக்கமிட்ட ஒரு கட்டை நடப்பட்டுள்ளது. வழியில் ஒருவர் மயங்கி விழுந்தால் கட்டையின் இலக்கத்தைத் தொலைபேசியில் சொன்னாற் போதும். மீட்புக் குழுவுக்கு இடம் தெரிந்துவிடும்.

கட்டை இலக்கத்தால் இடம் சொல்வது எங்களுக்கும் பழக்கமானதே. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ யாத்திரைப் பாதை எங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. அதுவும் ஒரு பழைய சமய நடை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நடப்பவர் மிகக் குறைந்து, வழி மறந்துபோன நிலையில் இருந்தது. 1980களில் எலியாஸ் வலீஞா என்ற கிராமத்துப் பாதிரியார் மஞ்சள் வர்ணத்தை எடுத்துக்கொண்டு போய், மரங்களிலும் மதில்களிலும் கற்களிலும் அம்புக்குறிகளை வரைந்தார். இன்று அந்த மஞ்சள் அம்பே அப்பாதையின் அடையாளம். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அதைப் பார்த்து நடக்கிறார்கள். வழியெங்கும் ஊர்களில் எளிய தங்குமடங்கள் உள்ளன. யாத்திரிகர் தம்மிடமுள்ள அட்டையில் ஒவ்வொரு மடத்திலும் முத்திரை பெற்றுச் செல்கிறார்கள்.

மலையகத்தில் கிடைத்த பாடம்

இலங்கையில் அண்மையில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நெடுநடை, மலையகத்தின் பீக்கோ நடைபாதை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை வளைந்து செல்லும் இது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தேயிலை மூட்டைகளைக் கொண்டுசெல்ல வெள்ளையர் காலத்தில் தோட்டங்களுக்கிடையே வெட்டப்பட்ட பாதைகளை இணைத்தே இது அமைந்தது. அந்தப் பாதைகளை வெட்டியவர்களும், அவற்றில் கொழுந்துக் கூடையோடு நடந்தவர்களும் எங்கள் மலையக உறவுகள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூ.எஸ்.எயிட் நிறுவனமும் நிதி வழங்கின.

இதில் நாம் கவனிக்கவேண்டியவை இரண்டு. புதிதாகப் பாதை வெட்டவேண்டியதில்லை, மக்கள் ஏற்கெனவே நடக்கும் வழிகளை இனங்கண்டு, இணைத்து, குறியிட்டு, வரைபடமாக்கினாலே போதும் என்பது ஒன்று. கொடையாளர் பணம் பாதையைத் திறக்க உதவும், காலமெல்லாம் பராமரிக்க உதவாது என்பது மற்றது. யூ.எஸ்.எயிட் நிறுவனமே 2025இல் மூடப்பட்டுவிட்டது. ஒரு திட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கும் காட்சியை வன்னியில் நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம்.

பாதை செல்லும் ஊரவருக்கு அதில் என்ன பங்கு என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளவேண்டும். லயத்து வாசலால் நடப்பவர் போவதும் வருவதும் லயத்தில் இருப்பவருக்கு ஒரு தேநீர்க்கடை வருமானமாகவாவது மாறவேண்டும். கண்டாவளைக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும்.

யாருடைய நிலம்? யாருடைய அனுமதி?

நடைபாதை ஒன்றின் மிகக் கடினமான வேலை புல் வெட்டுவதல்ல, அனுமதி பெறுவதுதான். கண்டாவளைப் பிரிவில் ஒருவர் பத்துக் கிலோமீற்றர் நடந்தாலே பல நிர்வாகங்களின் எல்லைகளைக் கடந்துவிடுவார்.

ஏ-9, ஏ-35 போன்ற வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. மாகாணத்துக்குரிய வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. ஊருக்குள் செல்லும் கிறவல் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைக்குரியவை. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலர் பிரிவுகள் நான்கு, பிரதேச சபைகள் மூன்றுதான். கண்டாவளை, கரைச்சிப் பிரதேச சபையின் நிர்வாகத்துக்குள் வருகிறது. ஆகவே ஒழுங்கை பற்றிய கோரிக்கையைக் கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. குளக்கட்டும் வாய்க்கால் ஓரமும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ உரியவை. காடு வனவளத் திணைக்களத்துக்குரியது. வடக்கே சுண்டிக்குளம் களப்பை அண்டிய பகுதி வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

வன்னியில் இது காகித விவகாரம் மட்டுமல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, முன்னர் நடந்த வழியில் எல்லைக்கல் நாட்டப்பட்டிருந்ததைக் கண்டவர்கள் பலர். பயிர் செய்த காணி பற்றைக் காடாகி, பின்னர் வரைபடத்தில் வனமாகவே ஆகிவிட்ட முறைப்பாடுகள் இன்றும் தொடர்கின்றன. இத்தகைய தகராறுகளில் ‘இந்த வழியை நாங்கள் தொடர்ந்து பயன்படுத்தி வந்தோம்’ என்று காட்டக்கூடிய ஆதாரம் முக்கியம். எந்த ஆண்டில் எந்த வழியால் யாத்திரை சென்றது, எங்கே தங்கியது என்ற பதிவு ஆலயப் பரிபாலன சபைகளிடம் எழுத்தில் இருக்கவேண்டும். திகதியிட்ட புகைப்படங்கள், ஆலயக் கணக்குப் புத்தகத்தில் அன்னதானச் செலவு, கிராம அலுவலருக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி ஆகியன சிறியவையாகத் தோன்றினாலும் பின்னாளில் பேசும்.

மிதிவெடி, யானை, வெள்ளம், வெயில்

வேறு நாடுகளின் நடைபாதைக் கையேடுகளில் கரடிக்கும் பனிக்கும் அத்தியாயம் இருக்கும். எங்கள் கையேட்டில் முதல் அத்தியாயம் மிதிவெடி.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஆனையிறவும் முகமாலையும் நீண்டகாலம் போர்முனைகளாக இருந்தவை. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவு செய்வதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1. அதுவரையும், அதன் பின்னரும்கூட, நடப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றுதான்: மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் வழியை விட்டு விலகக் கூடாது. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையைத் தாண்டக் கூடாது. பலகை விழுந்திருக்கலாம், மழை வெள்ளம் வெடிபொருட்களை இடம் மாற்றியிருக்கலாம். ஆகவே நிழலுக்கோ இயற்கைக் கடனுக்கோ பற்றைக்குள் நுழைவதற்கு முன் ஊரவரைக் கேட்கவேண்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவிக்கவேண்டும். போரின் மிதிவெடிகள் இன்னும் எஞ்சியுள்ள பொஸ்னியாவிலும் மலைநடைக்கு வருபவர்களுக்குச் சொல்லப்படும் முதல் வார்த்தை ‘குறியிட்ட பாதையை விட்டு விலகாதே’ என்பதே. எங்கள் பாதையில் குறி தேவைப்படுவதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது யானை. கல்மடு, பிரமந்தனாறு போன்ற காடோரக் கிராமங்களில் இரவில் யானை வருவது புதிதல்ல. யாத்திரிகர் விடியற்காலையிலேயே புறப்படும் வழக்கமுடையவர்கள். வெயிலுக்கு அது நல்லது. ஆனால் காடோரத் துண்டுகளில் வெளிச்சம் வந்த பின்னர், கூட்டமாக, சத்தம் எழுப்பியபடி நடப்பதே பாதுகாப்பு. தங்குமிடத்தில் உப்பு, பழம், சமைத்த மிச்சம் ஆகியவற்றை வெளியே விடக் கூடாது.

மூன்றாவது வெள்ளம். யாத்திரைக் காலத்தில் மழை அரிது. ஆனால் பாதை பழுதடைவது மாரியில்தான். 2018 டிசெம்பரில் பெய்த கடும் மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளைப் பிரிவின் தாழ்நிலக் கிராமங்கள் மோசமாகப் பாதிக்கப்பட்டன. கனகராயன் ஆற்றின் வழியே வரும் நீர் களப்பை அடையும் முன் இந்த நிலத்தைத்தான் கடக்கிறது. ஆகவே பராமரிப்பு நாட்காட்டி தை மாதத்தில் தொடங்கவேண்டும். வெள்ளம் வடிந்ததும் வழியை நடந்து பார்த்து, அரித்த இடங்களைக் குறித்து, பங்குனிக்குள் திருத்தினால் வைகாசியில் நடப்பவருக்கு வழி தயாராக இருக்கும்.

நான்காவது வெயில். வைகாசியிலும் ஆனியிலும் சோளகம் வீசும் வெட்டவெளியில், நடப்பவருக்கு மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் தேவை. கடும் வெயிலில் அது ஒரு லீற்றராகலாம். ஆனையிறவிலிருந்து பரந்தன் வரையான துண்டில் நிழல் மிகக் குறைவு. காலை 10 மணிக்குள் அன்றைய நடையின் பெரும்பகுதியை முடித்து, பிற்பகல் 4 மணிக்குப் பின் மிகுதியைத் தொடர்வதே நல்லது. தலைச்சுற்று, குமட்டல், வியர்வை நின்றுபோதல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியன வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை ஈரத்துணியால் குளிர்வித்து, 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கவேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் மருந்தையும் மருத்துவச் சீட்டின் பிரதியையும் நீர் புகாத பையில் வைத்திருப்பது அவசியம்.

ஒரு பிரதேசம் செய்யக்கூடியது

முழுப் பாதையையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்த யாராலும் முடியாது. ஆனையிறவிலிருந்து விசுவமடு எல்லை வரையான துண்டைக் கண்டாவளை மக்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டாற் போதும். அதற்கான வேலைகள் இவை:

முதலில் வரைபடம். நடந்து பழகிய பெரியவர்களோடு கிராம அலுவலர், கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் ஆட்கள் ஒரு நாள் முழு வழியையும் நடந்து, கைத்தொலைபேசியிலேயே தடத்தைப் பதிவு செய்யலாம். நல்ல தண்ணீர்க் கிணறு, உவர்க் கிணறு, பாடசாலை, வைத்தியசாலை, ஆலயம், நிழல் மரம், ஆபத்தான இடம் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும்.

இரண்டாவது குறி. மின்கம்பத்திலோ அரச மரத்திலோ அனுமதியின்றி வர்ணம் பூச முடியாது. ஆலய மதில், பொதுநோக்கு மண்டபச் சுவர், விரும்பும் வீட்டாரின் வேலித்தூண் ஆகியவற்றில் தொடங்கலாம். ஒரே வடிவம், ஒரே நிறம். ஒரு சிறிய வேல் அடையாளம் போதும். பாதை திரும்பும் இடத்தில் இரண்டு.

மூன்றாவது தண்ணீரும் தங்குமிடமும். தண்ணீர்ப் பந்தல் போடும் வழக்கம் எங்களிடம் அழியவில்லை. அதை ஒரே நாளில் ஒரே சந்தியில் நாலு பந்தல் என்றில்லாமல், இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஒன்று என்று ஊர்கள் பேசிப் பங்கிடவேண்டும். பிளாஸ்டிக் போத்தல்களுக்குப் பதிலாகக் குடமும் செம்பும் வைத்தால் வீதியோரம் குப்பையாகாது. தங்குவதற்கு ஆலய மண்டபமும் பாடசாலையும் உண்டு. ஆனால் பெண்களுக்குப் பூட்டக்கூடிய மலசலகூடமும் மறைவான குளிப்பிடமும் இல்லாத இடத்தைத் தங்குமிடம் என்று சொல்ல முடியாது. நடப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். அவர்களிலும் முதிய பெண்கள் பலர்.

நான்காவது ஒப்படைப்பு. ஒவ்வொரு இரண்டு கிலோமீற்றரையும் ஓர் இளைஞர் கழகத்துக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ பாடசாலைச் சாரணர் குழுவுக்கோ கொடுக்கலாம். ஆண்டில் மூன்று சிரமதானம்: தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று, யாத்திரை கடந்த மறுநாள் குப்பை பொறுக்க ஒன்று.

ஐந்தாவது பணம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வர்ணம், சீமெந்து, மண்வெட்டி, தண்ணீர்த் தாங்கி ஆகியவைதான் செலவு. புலம்பெயர்ந்த உறவுகள் உதவ முன்வருவார்கள். ஆனால் பெரிய வளைவு கட்டிப் பெயர் பொறிப்பதை விட, ஒரு கிணற்றை ஆண்டுதோறும் இறைத்துத் துப்புரவாக்கும் செலவைப் பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்பதே மேலான தருமம். வரவு செலவை ஆலய அறிவித்தற் பலகையில் ஒட்டிவிட்டால் பேச்சுக்கு இடமிராது.

நினைவின் வழி

ஸ்லோவேனியாவில் சோச்சா ஆற்றங்கரையில் ‘சமாதான வழி’ என்ற நெடுநடைப் பாதை இருக்கிறது. முதலாம் உலகப்போரில், 1915 முதல் 1917 வரை அந்த ஆற்றோரம் பெரும் போர்முனையாக இருந்தது. பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் அங்கே மாண்டார்கள். 2000ஆம் ஆண்டில் கோபரீட் என்ற சிறிய ஊரில் அமைக்கப்பட்ட நிறுவனம் ஒன்று பதுங்குகுழிகளையும் மயானங்களையும் நினைவாலயங்களையும் இணைத்து அந்தப் பாதையைப் பராமரிக்கிறது. போர் முடிந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னர் அது சாத்தியமாயிற்று. எல்லாத் தரப்பின் இறந்தவர்களுக்கும் அந்த வழியில் இடம் உண்டு.

எங்களுக்கு அவ்வளவு காலம் செல்லவில்லை. நினைவுகூர்வதற்கே இன்னும் தடைகளையும் விசாரணைகளையும் சந்திப்பவர்கள் நாங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் மண் இது. ஆகவே போர்ச் சுற்றுலாவாக, பார்த்துவிட்டுப் போகும் காட்சியாக இந்த வீதி மாறுவதை நாங்கள் விரும்பமாட்டோம்.

ஆனால் சந்நிதியிலிருந்து வரும் நடை காட்சிக்கானதல்ல. அதில் நடப்பவர்களில் இந்த வீதியில் முன்னொரு தடவை நடந்தவர்களும் இருக்கிறார்கள். அன்று சுமந்தவை வேறு. இன்று அவர்கள் தர்மபுரத்தைத் தாண்டி, விசுவமடுவையும் உடையார்கட்டையும் சுதந்திரபுரத்தையும் கடந்து போகும்போது, யாருக்காக விளக்கு வைக்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கிறோம். அவர்கள் திருநீறு தருகிறார்கள். திரும்பி வரமாட்டோம் என்று எண்ணி நடந்த வழியில், போய்ச் சேருவோம் என்று நம்பி நடப்பதற்கு அந்தத் தண்ணீர் உதவுகிறது.

வன்னியில் ஒரு வழி இரண்டு மாரி நடக்காமல் விடப்பட்டால் பற்றை மூடிவிடும். மூடிய வழியை மீண்டும் வழி என்று நிரூபிப்பது எவ்வளவு பாடு என்பதைக் காணிக்காக அலைந்தவர்கள் அறிவார்கள். எனவே அடுத்த தை மாதத்தில், வெள்ளம் வடிந்த பின் ஒரு ஞாயிறு காலை, ஊரில் நடக்கத் தெரிந்த ஒரு பெரியவரையும் நடக்கப் பழகவேண்டிய ஓர் இளையவரையும் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊருக்குரிய இரண்டு கிலோமீற்றரை நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே வழி அடைபட்டிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பாதைப் பராமரிப்பு அந்தக் கொப்பியில்தான் தொடங்குகிறது.